ஸாவோ வூ-கியின் வெற்றிடம்: எண்ணெய் வண்ணத்தில் அது எப்படி உருவாகிறது?

#1 கித்தான்

சீனாவில் பிறந்து பாரிஸில் வேலை செய்த அரூப ஓவியர் ஸாவோ வூ-கியின் 1959க்குப் பிந்தைய படங்களைப் பார்த்துப் பயிற்சிப் பிரதி எடுப்பவர்கள் நம் பக்கமும் அதிகமாகிவிட்டார்கள். பார்க்க எளிதாகத் தெரிகிறது. நடுவில் ஒரு கறுப்புக் கொந்தளிப்பு, மேலும் கீழும் மெல்லிய நிறப்பரப்பு, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் இப்படிச் செய்த பிரதிகளில் பெரும்பாலும் அதே மூன்று குறைகளைப் பார்க்கிறேன்.

மெல்லிய பகுதி காய்ந்ததும் வெளிறிவிடுகிறது, தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் சாம்பல் சேறாகிறது. ஓராண்டு, இரண்டாண்டில் நடுப்பகுதி வெடிக்கிறது.

இதில் எது பொருள் சார்ந்த பிரச்சினை, எது பார்வை சார்ந்த பிரச்சினை? அவர் வெற்றிடத்தை, அதாவது அந்தத் திறந்த மெல்லிய பரப்பை, எங்கிருந்து கற்றார், எண்ணெய் வண்ணத்துக்கு எப்படிக் கொண்டுவந்தார் என்பது தெரிந்தால் பாதி விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 மசிக்கோடு

முதலில் அவருடைய பயிற்சியைப் பார்ப்போம். அது தெரியாமல் பொருளைப் பேசினால் வழிதவறும்.

1920இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். வளர்ந்தது நான்டோங்கில். எழுத்தைத் தூரிகையால் எழுதக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 1935இல் ஹாங்சோ கலைப்பள்ளியில் சேர்ந்தார், ஆறு ஆண்டு படித்தார், 1941 முதல் அங்கேயே ஆசிரியர். பள்ளியின் தலைவர் லின் ஃபெங்மியான் பிரான்ஸில் படித்துத் திரும்பியவர். ஆகவே அங்கே சீன மசி ஓவியமும் ஐரோப்பிய எண்ணெய் வண்ணமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஸாவோவுக்கு மசி வகுப்பு பிடிக்கவில்லை. பழையவர்களை நகல் எடுத்துக்கொண்டே இருப்பதில் அவருக்கு அலுப்பு. அவர் விரும்பிப் பார்த்தது செஸான், மத்தீஸ், பிக்காஸோ போன்ற ஐரோப்பிய நவீன ஓவியர்களை. அதுவும் அச்சுப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும்தான்.

1948 பிப்ரவரி கடைசியில் ஷாங்காயில் கப்பலேறி, ஏப்ரல் 1 அன்று பாரிஸ் சேர்ந்தார். அன்றே லூவர் அருங்காட்சியகம் போய்விட்டார். மூலன்-வேர் தெருவில் குடியேறினார், பக்கத்துப் பட்டறை சிற்பி ஜியாகொமெட்டியுடையது. 1951இல் சுவிட்சர்லாந்தின் பேர்னில் ஓவியர் பால் க்ளேயின் படங்களை நேரில் பார்த்ததுதான் திருப்பம். க்ளே சிறிய குறிகளை வைத்தே ஓர் உலகத்தை உண்டாக்குகிறார், அந்தக் குறிகளைச் சுற்றி இடம் தானாக உருவாகிறது. ஸாவோவுக்கு அதில் தெரிந்தது ஹாங்சோவில் தான் தள்ளிவைத்த சீனா.

1954இல் வந்த 'காற்று' என்ற படத்தைப் பாருங்கள். ஒடுங்கி நெடிதாக நிற்கும் கித்தான். அதில் எலும்பில் கீறிய பழைய சீன எழுத்துகளை நினைவுபடுத்தும் குறிகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. எந்த எழுத்தும் படிக்கக்கூடியதல்ல. மரமும் இல்லை, மலையும் இல்லை. அசைவு மட்டும் இருக்கிறது. அரூபத்துக்குள், அதாவது பொருள்களின் உருவத்தைக் காட்டாத ஓவியத்துக்குள், அவர் முழுதாக நுழைந்த இடமாக இதைத்தான் சொல்வார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்த வெற்றிடம் பாரிஸ் போகும்போது அவர் பெட்டியில் கொண்டுபோன சரக்கல்ல. க்ளே வழியாக, செஸான் வழியாக, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் கொடுத்த பேட்டியில் அவரே இந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறார்: தன் பயிற்சியில் பாரிஸின் செல்வாக்கு மறுக்க முடியாதது, ஆனால் சீனாவை மெல்ல மெல்லத் திரும்பக் கண்டடையவும் பாரிஸே வழிவிட்டது.

#3 நீர்மை

மசிக்கோடு அண்ணா சொன்னதோட ஒரு பட்டறைச் செய்தியையும் சேர்க்கணும். என் பார்வையில க்ளேயைவிட இது பெரிய திருப்பம்.

பாரிஸ் வந்த அடுத்த வருஷம் தெஸ்ஜோபேர் அச்சகத்துல லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு, செய்ய ஆரம்பிச்சார். கல்லச்சு வேலையில மசியில தண்ணி நிறையச் சேர்க்கக் கூடாதுங்கறது வழக்கம். படம் கல்லுல நிலையாப் பிடிக்காது, பிரதிக்குப் பிரதி மாறும். அச்சகத்துக்காரர் எச்சரிச்சும் இவர் தண்ணியைத் தாராளமாச் சேர்த்தார். அதுல வந்த எட்டு அச்சுகளைப் பார்த்துட்டு, இவரை அப்போ நேர்ல அறியாத கவிஞர் ஆன்ரி மிஷோ ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவிதை எழுதினார். 1950இல் ரெண்டும் சேர்ந்து வெளிவந்துச்சு. வாழ்நாள் நட்பு அங்கேதான் ஆரம்பம்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கொழுப்பு மசியில தண்ணியை ஓடவிட்டு, ஓடுற தண்ணியே உருவத்தை முடிவு பண்ணட்டும்னு விட்டார். பின்னாடி எண்ணெய் வண்ணத்துல டர்பென்டைன்ங்கற கரைப்பானை அதே வேலைக்குப் பயன்படுத்தினார். அவரோட எண்ணெய்ப் படங்கள்ல மெல்லிய பகுதியைக் கிட்டப்போய்ப் பார்த்தா, நிறம் கித்தானின் நெசவுக்குள்ள இறங்கி, நூலின் முகடு வெளுத்தும் பள்ளம் அடர்ந்தும் நிக்கும். தூரிகைத் தடம் இருக்காது. மசி ஷுவான்ங்கற சீனத் தாள்ல ஊறுறது வேற, எண்ணெய் நெசவுல தங்குறது வேற. ஆனா ரெண்டுலயும் ஓவியனோட கை ஒரு கட்டத்துல விலகிக்கணும்.

கித்தான், உங்க முதல் குறைக்குக் காரணம் இங்கே இருக்கு. எல்லாரும் வெறும் டர்பென்டைன்ல கரைக்கிறாங்க.

#4 சட்டகம்

நீர்மை தொட்ட இடத்திலிருந்து நான் பொருள் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை வாங்கி இறுகுகிறது. நிறத்துகளைப் பிடித்துவைப்பது அந்த எண்ணெய்ப் படலம்தான். டியூபில் வரும் வண்ணத்தை டர்பென்டைனில் நான்கு மடங்குக்கு மேல் நீர்த்தால், கரைப்பான் ஆவியான பிறகு துகள்களைச் சுற்றிப் போதிய எண்ணெய் இருக்காது. அடித்தளமும் உறிஞ்சும் தன்மையோடு இருந்தால், இருக்கிற கொஞ்சம் எண்ணெயையும் அது குடித்துவிடும். மிச்சம் தூள். அதுதான் விரலில் ஒட்டுகிறது.

ஆகவே முதலில் அடித்தளம். கித்தான் 12 அவுன்ஸ் பருத்தி போதும், லினன் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் 90 செ.மீ. தாண்டினால் கித்தானை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெச்சர் சட்டத்தில் குறுக்குக் கட்டை கட்டாயம். இல்லையென்றால் ஈரமான மெல்லிய வண்ணம் நடுவில் தொய்ந்து குளமாகத் தேங்கும், அந்த வட்டம் பிறகு போகாது. அமிலத்தன்மையற்ற பி.வி.ஏ. பசையோ அக்ரிலிக் சைஸோ இரண்டு பூச்சு, அதன்மேல் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கடைசிப் பூச்சில் ஜெஸ்ஸோவோடு அக்ரிலிக் மேட் மீடியத்தைச் சம அளவு கலந்தால் உறிஞ்சும் தன்மை குறையும். இந்த வகைப் படத்துக்கு அது முக்கியம். கடைசிப் பூச்சை மிகவும் வழவழப்பாகவும் தேய்த்துவிடாதீர்கள். நெசவு தெரியாவிட்டால் நீர்மை சொன்ன முகடும் பள்ளமும் கிடைக்காது.

முயல்தோல் பசை வேண்டாம். பழைய ஐரோப்பியப் பட்டறை முறை அது, ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் பசை ஊதி இளகும், காய்ந்தால் சுருங்கும். கடற்கரை ஊர்களில் வருடத்தில் பல முறை இது நடக்கும். மேலே உள்ள வண்ணப்படலம் அந்த இழுபறியில் வெடிக்கும். கித்தான் சொன்ன மூன்றாவது குறைக்கு இது ஒரு காரணம்; ஒரே காரணம் அல்ல.

#5 கித்தான்

தெளிவாகிவிட்டது. கரைசலை எப்படித் தயாரிப்பது என்று அளவோடு சொல்லுங்கள். செங்குத்தாக நிற்கும் கித்தானில் வழியாமல் எப்படி நிறுத்துவது? புகைப்படங்களில் அவர் நிமிர்த்திய கித்தான் முன் நின்றுதானே வேலை செய்கிறார்?

#6 நீர்மை

அளவு இதோ. டியூப் வண்ணம் ஒரு மேசைக்கரண்டி, ஸ்டேண்ட் ஆயில் (சூடாக்கிக் கெட்டியாக்கின லின்சீட் எண்ணெய்) அரை தேக்கரண்டி, டர்பென்டைன் மூணு மேசைக்கரண்டி. வரிசை முக்கியம். முதல்ல வண்ணத்தையும் ஸ்டேண்ட் ஆயிலையும் பேலட் கத்தியால நல்லா மசிங்க. அப்புறம் டர்பென்டைனைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்குங்க. மொத்தத்தையும் ஒரேயடியா ஊத்தினா, கொதிக்கிற தண்ணியில கேழ்வரகு மாவைக் கொட்டின மாதிரிக் கட்டி தட்டும். அந்தக் கட்டி கித்தான்ல கரும்புள்ளியா நிக்கும்.

டர்பென்டைன்ல ஒரு எச்சரிக்கை. பெயின்ட் கடையில அந்தப் பேர்ல கிடைக்கிறது பெரும்பாலும் பெட்ரோலியத்துல இருந்து வர்ற மினரல் டர்பென்டைன். அது கூடவே கூடாதுன்னு இல்ல, ஆனா டாமர் பிசின் கலந்த மீடியத்தோட சேராது, கலங்கிப்போகும். எதை வாங்கினாலும் வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்க. கறையோ பிசுபிசுப்போ இல்லாமப் போயிருந்தா சரி. கறை நின்னா அந்தப் பாட்டில் தூரிகை கழுவத்தான்.

வழியாம நிறுத்துறதுக்கு: முதல் மெல்லிய பூச்சுக்குக் கித்தானைக் கிடையாப் படுக்க வையுங்க, இல்ல ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ. முட்டுக் கொடுத்துச் சாய்வா வையுங்க. 4 அங்குலத் தட்டைத் தூரிகை. நிறத்தைப் பூசினதும் கிட்டத்தட்ட காய்ஞ்ச இன்னொரு அகலத் தூரிகையால மேலாக ஒரே திசையில ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. மூணாவது தடவை போனா தடம் விழும். 20 நிமிஷத்துல டர்பென்டைன் பாதி போயிரும், நிறம் நகராது. அப்ப நிமிர்த்தலாம். அடுத்த பூச்சுகள்ல எண்ணெய் அளவு கொஞ்சம் கொஞ்சமாக் கூடணும். மேல போகப்போகக் கொழுப்பு கூடணுங்கிற விதியை மெல்லிய படத்துல மறந்துடுறாங்க, ஆனா இங்கேதான் அது ரொம்ப முக்கியம்.

சோதனை: தொட்டா ஒட்டாத நிலைக்கு வந்தபின் ஒரு மூலையை வெள்ளைப் பருத்தித் துணியால மெதுவாத் தேய்ங்க. துணியில நிறம் வந்தா எண்ணெய் போதலை. லேசா வந்தா, லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு, டர்பென்டைன் மூணு பங்கு கலந்து துணியால ஒத்தி, கால் மணி நேரத்துல மிச்சத்தைத் துடைச்சு எடுத்துடுங்க. தூளாவே கொட்டினா அந்தப் பகுதியைச் சுரண்டிட்டு மறுபடி போடுறதுதான் நேர்மையான வழி. மேல எதைப் பூசினாலும் அடி நிக்காது.

#7 பாலைநிழல்

பொருள் விவரம் அருமை. நிலக்காட்சி என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பொருளிலக்கணம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, நீர்நிலை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனநிலை உரிப்பொருள். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் பெரும்பாலும் கருப்பொருளால் ஆனது, அதாவது இந்த மரம், அந்த ஆலை, இன்ன ஆறு என்று. ஸாவோ கருவை முழுதாக நீக்கிவிட்டு முதலையும் உரியையும் நேரே சேர்க்கிறார் என்று எனக்குப் படுகிறது. 1959 முதல் படத்துக்குப் பெயரே வைக்காமல் தேதியை மட்டும் இட்டதும் இதோடு பொருந்துகிறது. இடப்பெயர் போய்ப் பொழுது மட்டும் நின்றுவிட்டது.

#8 மசிக்கோடு

பாலைநிழல், முதல்பாதியை ஏற்கிறேன், அழகாகச் சொன்னீர்கள். நிலக்காட்சி என்ற பெயர் அவருக்கே உவப்பாக இல்லை, இயற்கை என்ற விரிந்த பெயரையே விரும்பினார். உங்கள் பிரிப்பில் அது முதற்பொருளுக்கு நெருக்கம்தான்.

தேதி விஷயத்தில் மறுக்கிறேன். அது படத்தில் காட்டப்படும் பொழுது அல்ல, வேலை முடிந்த நாள். ஒரே கித்தானில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வேலை நடந்திருக்கலாம், தலைப்பில் நிற்பது கடைசி நாள் மட்டும். பின்னாளில் சில பெரிய படங்களுக்குத் தொடக்க மாதத்தையும் முடிவு மாதத்தையும் சேர்த்தே இட்டிருக்கிறார். ஆகவே 10.09.72 என்ற தலைப்பை வைத்து அது செப்டம்பர் மாதத்து ஒளி என்று படிக்கக் கூடாது. பெயர் போனதன் பயன் வேறு. 'காற்று' என்று எழுதிவைத்தால் பார்ப்பவர் காற்றைத் தேடுவார். தேதி அப்படி எதையும் தேடச் சொல்வதில்லை.

கையெழுத்தையும் பாருங்கள். வூ-கி என்ற இயற்பெயர் சீன எழுத்தில், ஸாவோ என்ற குடும்பப் பெயர் ரோமன் எழுத்தில். இரண்டும் ஒரே வரியில், ஒரே தூரிகையில். போலிப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கும் இது பயன்படும், ஆனால் கையெழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2012இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அவர் பெயரிலான அறக்கட்டளைதான் முழுப் படைப்புப் பட்டியலைத் தொகுக்கிறது. 1958 வரையிலான முதல் தொகுதி வந்துவிட்டது.

#9 சட்டகம்

வெடிப்பும் சேறும் மிச்சம் இருக்கின்றன.

வெடிப்பு: 1960களின் படங்களில் நடுவே ஓர் அடர்ந்த பட்டை ஓடும். பேலட் கத்தியால் அப்பியது, கீறியது, உலர்ந்த தூரிகையால் இழுத்தது எல்லாம் அங்கே குவிந்திருக்கும். மேலும் கீழும் மெல்லிய பரப்பு. தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் வெவ்வேறு வேகத்தில் இறுகும். பிரதி எடுப்பவர்கள் நடுப்பட்டைக்கு முதலில் ஐவரி கறுப்பை அப்புகிறார்கள், அங்கேதான் தவறு. ஐவரி கறுப்பு எண்ணெயை அதிகம் வாங்கும், மிக மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் வண்ணத்தைப் போட்டால், மேல்படலம் இறுகியபின் அடி சுருங்கும், மேலே பிளக்கும். அடியில் பர்ன்ட் அம்பர் அல்லது ரா அம்பர் போடுங்கள். அவற்றில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி கறுப்பு கடைசியில், குறைவாக. காட்மியம், அலிஸரின் போன்றவையும் மெதுவானவை, அடியில் தடிமனாக வேண்டாம். சீக்கிரம் காயவைக்கும் ஆல்கிட் மீடியம் பயன்படுத்தினால் எல்லாப் பூச்சிலும் பயன்படுத்துங்கள், அல்லது அடியில் மட்டும். மேலே மட்டும் என்றால் நீங்களே வெடிப்பை வரவழைக்கிறீர்கள்.

வெள்ளை: டியூபின் பின்புறம் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம். பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாகம், அதாவது ஜிங்க் வெள்ளை. மலிவு டியூபில் டைட்டானியம் என்று பெரிதாகப் போட்டு உள்ளே இரண்டையும் கலந்திருப்பார்கள். ஜிங்க் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைகிறது, அக்ரிலிக் அடித்தளத்திலிருந்து செதிலாகப் பெயரவும் செய்யும். வெளிச்சத்தையே வெள்ளையால் கட்டும் இந்த வகைப் படத்தில் அந்த ஆபத்து தேவையில்லை.

சேறு: ஐவரி கறுப்பும் டைட்டானியம் வெள்ளையும் சேர்ந்தால் உயிரில்லாத நீலச்சாம்பல்தான் வரும். கறுப்புக்குப் பதில் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்த இருளைப் பயன்படுத்தினால், விளிம்பில் வெள்ளையோடு கலக்கும்போது ஒரு பக்கம் குளிர்ந்த சாம்பல், மறுபக்கம் வெதுவெதுப்பான பழுப்பு என்று நாம் முடிவு செய்யலாம். ஃபேலோ நீலத்தைத் தொடாதீர்கள். ஒரு துளி முழுப் பரப்பையும் விழுங்கிவிடும், துடைத்தாலும் நெசவில் கறை தங்கும்.

#10 நீர்மை

சட்டகம் சொன்னதுல சேறுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அது வேலை செய்யிற வரிசை. பெரும்பாலானவங்க முதல்ல நடுவுல கொந்தளிப்பைப் போட்டுட்டு, மிச்ச இடத்தை வெள்ளையால நிரப்புறாங்க. வெற்றிடம் மிச்சமா ஆகிடுது. கறுப்போட விளிம்புக்கு வெள்ளையைக் கொண்டுபோய் இடிக்கிறப்போ சேறு வராம என்ன செய்யும்?

வெற்றிடத்தை முதல்ல கட்டுங்க. முழுக் கித்தானையும் மெல்லிய நிறத்துல மூடுங்க. அது ரெண்டு மூணு பூச்சாகணும், ஒவ்வொண்ணுலயும் நிறம் சிறிது மாறணும்: கீழ ஓக்கர்ங்கற மண்மஞ்சள், மேல சாம்பல் நீலம்னு. அது தொட்டா லேசா ஒட்டுற பதத்துக்கு வந்தபிறகுதான் இருளை உள்ளே கொண்டுவரணும். வெள்ளையிலிருந்து இருளை நோக்கித்தான் தூரிகை போகணும், திரும்பி வரக் கூடாது. இருளுக்கு ஒரு தூரிகை, வெளிச்சத்துக்கு ஒரு தூரிகை. வேலை முடியுற வரைக்கும் அதை மாத்தக் கூடாது.

அந்த மயிரிழைக் கோடுகளுக்கும் இதே பதம்தான். 1960களின் படங்கள்ல நடுப்பட்டையிலிருந்து சுள்ளி மாதிரிக் கோடுகள் வெளியே தெறிக்கும். லைனர்ங்கற நீண்ட மெல்லிய தூரிகையில வண்ணத்தை மசி பதத்துக்குக் கரைச்சு எடுங்க. அடி ஈரமா இருந்தா கோடு பரவிடும். முழுக்கக் காய்ஞ்சிருந்தா மேல மிதக்கும், ஒட்டவெச்ச மாதிரி இருக்கும். லேசா ஒட்டுற பதத்துல மட்டும்தான் கோட்டோட ஒரு விளிம்பு கூர்மையாவும் மறு விளிம்பு கரைஞ்சும் வரும். சில கோடுகளை வரைய வேண்டாம், தூரிகையோட பின்கட்டையால கீறுங்க. அடியில இருக்கிற வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

#11 தென்றல்

ஸாவோவின் படம் எனக்கு இன்னும் சுங் வம்சக் காலத்துச் சீன மலைநீர் ஓவியத்தின் (மலையும் நீரும் வரையும் நிலக்காட்சியின்) எண்ணெய்ப் பதிப்பு என்றே தோன்றுகிறது. அப்படியென்றால் அரூபம் என்று சொல்வது எதற்கு?

#12 மசிக்கோடு

நியாயமான கேள்வி, தென்றல். பதினோராம் நூற்றாண்டில் சுங் ஓவியர் குவோ ஷி மூன்று தூரங்களைச் சொன்னார்: மலையடியிலிருந்து உச்சியை நிமிர்ந்து பார்க்கும் தூரம், முன்மலையிலிருந்து பின்மலைக்குள் ஊடுருவும் தூரம், பக்கத்து மலையிலிருந்து தொலைமலையைச் சமமாகப் பார்க்கும் தூரம். ஒரே சுருளில் மூன்றும் இருக்கலாம், ஆகவே பார்ப்பவர் நிற்க ஒரே இடம் இல்லை. ஸாவோவின் படத்திலும் தொடுவானக் கோடு உறுதியாக அமைவதில்லை. கீழ்ப்பரப்பு நிலமா நீரா, மேற்பரப்பு வானமா மூடுபனியா என்று நிலைநிறுத்த முடியாது. அந்த அளவுக்கு உறவு உண்மை.

வேறுபாடு எங்கே என்றால், சுங் ஓவியத்தில் மலை மலைதான். பாறையின் தோலுக்கு இன்ன கோடு, மரத்துக்கு இன்ன புள்ளி என்று வகை வகையான தூரிகை இலக்கணம் உண்டு. ஸாவோ அந்த இலக்கணத்தை விட்டுவிட்டு, அது உண்டாக்கிய தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எஞ்சியதை வேறு இடங்களிலிருந்து சேர்த்தார். 1957இல் நியூயார்க் போய் அமெரிக்க அரூப ஓவியர்களின் கித்தான் அளவையும் முழு உடலால் வரையும் வேகத்தையும் நேரில் பார்த்தார். ஓவியர் பியர் சூலாஜும் அந்தப் பயணத்தில் கூட இருந்தார். பிறகு அவர் கித்தான் பெரிதாகிக்கொண்டே போனது. இசையமைப்பாளர் எட்கர் வரேஸுக்கு அஞ்சலியாக வரைந்த 25.10.64 படம் 255க்கு 345 செ.மீ. இப்போது லோசான் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த அளவில் மணிக்கட்டு வேலை செய்யாது, தோளும் இடுப்பும் வேலை செய்யும். எழுத்துக்கலையில் பழகிய கைக்கு அது புதிய சவால்.

ஆகவே கிழக்கும் மேற்கும் சந்தித்தன என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. ஹாங்சோ, பேர்ன், பாரிஸ் கல்லச்சகம், நியூயார்க் என்று ஒவ்வோர் இடமும் வேறு வேறு வேலையைச் செய்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் ஓவியனுக்குப் பயன்.

#13 பாலைநிழல்

இந்திய ஓவியர் எஸ். எச். ரஸாவோடு வைத்துப் பார்த்தால் மசிக்கோடு சொல்வது இன்னும் துலங்கும். மத்தியப் பிரதேசத்து மாண்ட்லா காட்டுப் பக்கம் வளர்ந்தவர், தந்தை வனத்துறை. 1950இல் பாரிஸ் போனார், 1956இல் அங்கே விமர்சகர் பரிசு பெற்றார், 1962இல் பெர்க்லியில் கற்பித்தார். பாரிஸ், அமெரிக்கா என்று ஏறக்குறைய அதே வழி. ஆனால் அவர் எண்ணெயிலிருந்து அக்ரிலிக்குக்கு மாறி, கடைசியில் பிந்து என்ற புள்ளி வடிவத்தில் நிலைத்தார். அவருக்குக் காடு ஒரு மையத்தில் குவிகிறது. ஸாவோவுக்கு மையம் திறந்துகொண்டே போகிறது. ஒருவரைப் பிரதி எடுத்த பழக்கத்தில் மற்றவரை எடுக்கக் கூடாது.

#14 கித்தான்

நல்ல ஒப்பீடு. 1970களில் மையம் திறந்துவிடுகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. நடுப்பட்டை உடைந்து ஓரங்களுக்குப் போய்விடுகிறது. அதற்குக் காரணம் மசி ஓவியத்துக்குத் திரும்பியதா?

#15 நீர்மை

பெரும்பங்கு அதுதான். 1971 வாக்குல மனைவி மே நோயில இருந்தாங்க. பெரிய எண்ணெய்ப் படங்கள்ல உக்கார முடியாத நாட்கள். மிஷோதான் மறுபடி மசியைத் தொடச் சொன்னார். சீனப் பாணி ஓவியர்னு முத்திரை விழுந்துடும்னு அதுவரைக்கும் அவர் மசியைத் தவிர்த்துவந்தவர். 1972இல் மே மறைஞ்சாங்க. அதே வருஷம், 24 ஆண்டுக்கு அப்புறம் முதல்முறையாச் சீனா போய்வந்தார். திரும்பிவந்து வரைஞ்ச 'மே நினைவாக, 10.09.72' ரெண்டு மீட்டர் உயரம், அஞ்சேகால் மீட்டர் நீளம். அதைப் பிரான்ஸ் அரசுக்குக் கொடுத்தார், பொம்பிடூ மையத்துல இருக்கு.

மசியில வெள்ளை நிறம்னு ஒண்ணு கிடையாது. தாள்தான் வெள்ளை. தொடாம விட்ட இடம்தான் வெளிச்சம். அந்தப் பழக்கம் எண்ணெய்க்கு வந்தப்போ வெள்ளையை அப்புறது குறைஞ்சு, பெரிய பரப்புகள் ஒத்தைப் பூச்சுல மூச்சுவிட ஆரம்பிச்சுது. 1973க்குப் பிந்தைய படத்தைப் பிரதி எடுக்கிறவங்க முதல்ல ஒரு மாசம் மசியில பழகுங்க. ஷுவான் தாள் கிடைக்கலைன்னா பசையேத்தாத மெல்லிய கைத்தாள் எதுவும் போதும். ஒரே மசியில அஞ்சு அடர்த்தி எடுக்கத் தெரிஞ்சபிறகு எண்ணெய்க்கு வாங்க.

#16 சட்டகம்

பெரிய அளவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவருடைய மிகப் பெரிய எண்ணெய்ப் படம் 'ஜூன்-அக்டோபர் 1985', சிங்கப்பூர் ராஃபிள்ஸ் சிட்டிக்காகக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் கேட்டு வரைந்தது. 280க்கு 1000 செ.மீ., மூன்று பலகங்கள். 2018இல் ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனதால் விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நம் வேலைக்கு முக்கியம் அதன் பிளவு. முப்பலகப் படத்தில் நிறம் இணைப்பைத் தாண்டி ஓட வேண்டும். மூன்றையும் சேர்த்து வைத்தே மெல்லிய பூச்சைப் போடுங்கள், ஆனால் இடையில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் கரைசல் பிளவில் இறங்கிப் பக்கவாட்டில் கறையாகத் தேங்கும், பிரித்தபின் இணைப்பு ஒரு கருங்கோடாகத் தெரியும். ஒவ்வொரு பலகத்துக்கும் தனித்தனியாகக் கரைசல் செய்யாதீர்கள். இரண்டாவது கலவை முதல் கலவையோடு பொருந்தாது. ஒரே பாத்திரத்தில் தேவையைவிட மூன்றிலொரு பங்கு கூடுதலாகக் கலந்து மூடிவையுங்கள்.

#17 தென்றல்

மெல்லிய பகுதி மங்கலாகவும் நடுப்பட்டை பளபளப்பாகவும் காய்கிறதே, முடிந்ததும் வார்னிஷ் அடித்துச் சமன் செய்யலாமா?

#18 சட்டகம்

உடனே வேண்டாம், தென்றல். மெல்லிய பகுதி ஆறு மாதத்தில் தயாராகிவிடும், தடித்த பட்டை ஓராண்டு கேட்கும். முழுதாக இறுகாத எண்ணெயின்மேல் வார்னிஷ் அடித்தால் அது வண்ணத்தோடு கலந்துவிடும், பின்னால் வார்னிஷைக் கழற்றும்போது நிறமும் சேர்ந்து வரும். அதுவரை மங்கிய இடத்தை மட்டும் நீர்மை #6இல் சொன்ன எண்ணெய்க் கலவையால் ஒத்தி எடுங்கள். ஓராண்டு கழித்து அடித்தாலும் மேட் வார்னிஷும் கிளாஸ் வார்னிஷும் ஒன்றுக்கு ஒன்று கலந்து, ஸ்ப்ரேயில் இரண்டு மெல்லிய பூச்சு போதும். முழு கிளாஸ் அடித்தால் பரப்பின்மேல் சன்னல் வெளிச்சம் பிரதிபலிக்கும், தூரம் போய்விடும். மங்கலுக்கும் பளபளப்புக்கும் இடையே சிறு வேறுபாடு இருக்கட்டும், அதை முழுதாக அழிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எண்ணெய் ஒத்திய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.